இயல் 7: தூரத்து உறவை வார்ப்புருவாக்குதல்

புரதப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தும்போது உணர்கருவியில் பதிவாகும் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையின் செறிவை மட்டுமே சொல்கிறது. செறிவிலிருந்து வீச்சு கிடைக்கும். அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது கிடைக்காது. கட்டம் தெரியாமல் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போட முடியாது. ஒரே வடிவம் கொண்ட மூலக்கூறுகள் படிகத்துக்குள் எப்படித் திரும்பி நிற்கின்றன என்பதை அளந்த செறிவுகளிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று மைக்கேல் ராஸ்மனும் டேவிட் ப்ளோவும் 1962-இல் காட்டினார்கள். மூலக்கூறு மாற்றீடு என்ற முறை அந்த அடித்தளத்தில் வளர்ந்தது. ஏற்கெனவே தெரிந்த உறவுப் புரதம் ஒன்றை வார்ப்புருவாக எடுத்து, நம் படிகத்தின் அலகுக்கூட்டில் சுழற்றி, நகர்த்தி, சரியான இடத்தில் அமர்த்தி, அதிலிருந்து கணித்த கட்டங்களைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். இன்று வெளியாகும் புரதப் படிகக் கட்டமைப்புகளில் பெரும்பான்மை இப்படித் தீர்க்கப்பட்டவையே. அமினோ அமில வரிசையில் பாதிக்கு மேல் ஒத்துப்போகும் உறவு கையில் இருந்தால் வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஒற்றுமை 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது என்ன செய்வது என்பதே இந்த இயலின் பொருள். என் வாதம் இது: தூரத்து வார்ப்புருவை வைத்துப் படிகத்தைத் தீர்ப்பது முதலில் வெட்டும் வேலை. எதை நம்ப முடியாதோ அதைத் தேடலுக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். அகற்றினால் தேடலில் சமிக்ஞை கூடும். அதைவிட முக்கியமாக, கிடைத்த தீர்வு உண்மையா என்று பின்னர் கேட்கும்போது, நாம் அகற்றிய பகுதிகளே நடுநிலையான சாட்சிகளாக நிற்கும்.

ஒற்றுமை விழுக்காடு என்ற எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சைரஸ் சோத்தியாவும் ஆர்தர் லெஸ்க்கும் 1986-இல் உறவுள்ள 32 புரத ஜோடிகளை ஒப்பிட்டு, வரிசை விலக விலக வடிவம் எவ்வளவு விலகுகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி 50 விழுக்காடு ஒற்றுமை இருந்தால் முதன்மைச் சங்கிலி அணுக்களின் சராசரி விலகல் ஏறத்தாழ 1.0 ஆங்ஸ்ட்ராம், 30 விழுக்காட்டில் 1.5, 20 விழுக்காட்டில் 1.8. இந்தக் கணக்கு இரு புரதங்களுக்கும் பொதுவான உட்கருவுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உட்கருவுக்கு வெளியே உள்ள லூப்கள், முனைகள், செருகல்கள் எந்தச் சூத்திரத்துக்கும் கட்டுப்படாமல் 5, 10 ஆங்ஸ்ட்ராம் தள்ளிப் போயிருக்கலாம். ஆகவே ஒரே 25 விழுக்காடு ஒற்றுமை கொண்ட இரண்டு வார்ப்புருக்களில் ஒன்று உடனே வேலை செய்வதும், மற்றொன்று கடைசிவரை மறுப்பதும் வியப்பல்ல. விழுக்காட்டை மட்டும் பார்த்து வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் புரதத்தின் உட்கரு எவ்வளவு, அதில் எவ்வளவு இந்த உறவிலும் அப்படியே இருக்கும் என்று கேளுங்கள்.

வெட்டச் சொன்னதும் எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. படிகத்தில் கதிரைச் சிதறடிக்கும் பொருளில் ஒரு பகுதியை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டால், மீதியுள்ள சிறிய மாதிரியைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினமாகாதா? இதற்கு விடையைக் கணக்கிலேயே காணலாம். ரேண்டி ரீடும் அவர் குழுவும் கேம்பிரிட்ஜில் வளர்த்த ஃபேசர் நிரல், சரியான இடத்தில் அமர்ந்த மாதிரிக்கு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆதாயம் தரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிடுகிறது. அந்த ஆதாயம் இரண்டு காரணிகளின் பெருக்கம். மாதிரி மொத்தச் சிதறலில் எத்தனை பங்கு என்பதன் வர்க்கம் ஒன்று. அணு இடங்களின் பிழை கூடக்கூட அடுக்குக்குறியில் சரிந்து விழும் எண் மற்றொன்று. கரைப்பானின் பங்கை ஒதுக்கிவிட்டு, 4 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் உள்ள ஒரு புள்ளிக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு வார்ப்புரு, பிழை 1.5 ஆங்ஸ்ட்ராம் என்றால் பெருக்கம் ஏறத்தாழ 0.025. முப்பது விழுக்காட்டை வெட்டியெறிந்து, மீதியின் பிழை 1.0 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதால் ஆதாயம் 0.49 மடங்காகச் சுருங்குகிறது. பிழை குறைந்ததால் அது 8 மடங்கை நெருங்கி உயர்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது 0.095, அதாவது முழு வார்ப்புரு தந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே கணக்கை 3 ஆங்ஸ்ட்ராமில் போட்டால் ஆதாயம் 19 மடங்காகிறது. 6 ஆங்ஸ்ட்ராமில் வெறும் 1.2 மடங்கு. ஒன்றரை ஆங்ஸ்ட்ராம் பிழையுள்ள மாதிரிக்கு 3 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டிய புள்ளிகள் எதுவும் சொல்வதில்லை என்பதும் இதிலிருந்து தெரியும்.

ஆட்சேபத்தில் உண்மையே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. வெட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் பிழை குறைய வேண்டும். குறையாவிட்டால் இழப்பு மட்டுமே மிஞ்சும். மேலே சொன்ன மாதிரியை முப்பது விழுக்காடு மட்டும் மிஞ்சும்படி வெட்டி, பிழை 1.0 ஆங்ஸ்ட்ராமிலேயே நின்றுவிட்டால், 4 ஆங்ஸ்ட்ராமில் பெருக்கம் 0.017-க்கு இறங்கிவிடுகிறது. வெட்டாமல் விட்டிருந்ததைவிட இது மோசம். ஆனால் அதே முப்பது விழுக்காட்டின் பிழை 0.6 ஆங்ஸ்ட்ராமாக இருந்து, தரவும் 2 ஆங்ஸ்ட்ராம் வரை போகுமானால் கணக்கு திரும்பிவிடும். அந்த எல்லையில் உள்ள புள்ளிகளில் சிறிய துண்டு, 1.0 ஆங்ஸ்ட்ராம் பிழையுள்ள எழுபது விழுக்காட்டு மாதிரியை 12 மடங்கு முந்துகிறது. பார்சிலோனாவில் இசபெல் உசோனின் குழு 2009-இல் அறிமுகப்படுத்திய ஆர்க்கிம்போல்டோ நிரல் இந்தத் தருக்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. பதினான்கு அலனின்கள் கொண்ட வெற்று ஆல்ஃபா சுருள்கள் சிலவற்றை மட்டும் தேடி அமர்த்தி, அங்கிருந்து முழுப் புரதத்தையும் விரித்தெடுக்க முடிந்தது. சுருளின் முதன்மைச் சங்கிலி எல்லாப் புரதங்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அதன் பிழை மிகச் சிறியது. அதுதான் இதைச் சாத்தியமாக்கியது. விலையும் உண்டு: தரவு சுமார் 2 ஆங்ஸ்ட்ராமாவது போக வேண்டும். ஆகவே எவ்வளவு வெட்டலாம் என்பதை உங்கள் தரவின் பிரிதிறனே தீர்மானிக்கிறது. மூன்று ஆங்ஸ்ட்ராமில் நின்றுவிட்ட தரவோடு மிகச் சிறு துண்டுகளைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

இனி வெட்டும் முறை. முதல் படி வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவது. இரண்டு வரிசைகளை மட்டும் நேருக்கு நேர் ஒப்பிடும் பழைய முறை 30 விழுக்காட்டுக்குக் கீழே நம்பகமற்றது. குடும்பம் முழுவதன் வரிசைகளையும் திரட்டி, ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலங்கள் வரக்கூடும் என்ற பாங்கை ஒப்பிடும் ஹெச்ஹெச்ப்ரெட் போன்ற கருவிகளையே பயன்படுத்துங்கள். தூரத்து வார்ப்புருக்களில் இந்தப் பொருத்தம் துல்லியமானால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்பதை ஷ்வார்ட்ஸென்பாஹரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் சோதித்துக் காட்டினார்கள். பொருத்தத்தில் இடைவெளி விழும் இடங்களை வெட்டுங்கள். இடைவெளிக்கு இருபுறமும் ஓரிரு அமினோ அமிலங்களையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் செருகல் நுழைந்த இடத்தில் சங்கிலி முன்கூட்டியே திசை மாறியிருக்கும்.

பக்கச் சங்கிலிகளில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வார்ப்புருவில் டைரோசின் இருக்கும் இடத்தில் நம் புரதத்தில் செரின் என்று வையுங்கள். டைரோசினின் வளையத்தை விட்டுவைத்தால் இல்லாத ஆறு அணுக்களை மாதிரியில் சேர்க்கிறோம். முழுவதும் வெட்டி அலனினாக்கினால் செரினின் ஆக்சிஜனை இழக்கிறோம். டைரோசினின் காமா கார்பன் வரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் செரினின் ஆக்சிஜனைப் போட்டால், பெரும்பாலும் அது சரியான இடத்திலேயே அமரும், ஏனெனில் முதல் பிணைப்பின் திருப்பம் உறவுப் புரதங்களில் அடிக்கடி மாறாமல் நிற்கிறது. மாறாத அமினோ அமிலங்களை முழுமையாக வைத்து, மாறியவற்றைக் காமா அணுவோடு நிறுத்தும் இந்தக் கலப்பு மாதிரியே தூரத்து வார்ப்புருவுக்கு நல்ல தொடக்கம். செயின்சா, ஸ்கல்ப்டர் என்ற நிரல்கள் இரண்டும் இதைச் செய்யும். வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் அணுக்களின் பி-காரணியை உயர்த்தி அவற்றின் எடையைக் குறைப்பதையும் ஸ்கல்ப்டர் செய்யும். ஆனால் வரிசைப் பொருத்தத்தையே நம்ப முடியாத ஒரு பீட்டா இழை இருந்தால், அந்த இழையை மட்டும் அலனினாக்கிவிடுங்கள். பொருத்தம் ஓர் இடம் நழுவினால் உள்ளே இருக்க வேண்டிய பக்கச் சங்கிலி எல்லாம் வெளியே திரும்பிவிடும். முதன்மைச் சங்கிலியோ அதே தடத்தில்தான் கிடக்கும். அலனின் மாதிரிக்கு அந்த நழுவல் ஒரு பொருட்டே இல்லை.

உறவுகள் நான்கைந்து கிடைத்தால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. எங்கே எல்லாச் சங்கிலிகளும் ஒரே கயிறாகச் சேர்ந்து ஓடுகின்றனவோ அது பரிணாமம் காப்பாற்றிய பகுதி. நம் புரதத்திலும் அது அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். எங்கே பிரிந்து விசிறியாகின்றனவோ அதை எடுத்துவிடலாம். மீதியை ஒரு தொகுப்பாக ஃபேசரிடம் கொடுத்தால் எந்த ஒற்றை வார்ப்புருவையும்விட அது பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. புரதம் இரண்டு கூறுகளால் ஆனது, நடுவில் வளையும் மூட்டு இருக்கிறது என்றால் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகத் தேடுங்கள். மற்றபடி வழக்கமான முன்னேற்பாடுகள்தாம். மேத்யூஸ் கெழுவைக் கொண்டு அலகுக்கூட்டில் எத்தனை மூலக்கூறுகளுக்கு இடம் உண்டு என்று பாருங்கள். திருகு அச்சுகள் பற்றி முடிவு சொல்ல முடியாதபோது எல்லா ஸ்பேஸ் குரூப்களையும் தேடவிடுங்கள். செஞ்சாய்சதுர வகுப்பு ஒன்றிலேயே எட்டு வாய்ப்புகள் உள்ளன. இரட்டைப் படிகமா, மூலக்கூறுகள் திரும்பாமல் ஒரே திசையில் பெயர்ந்து அடுக்கியிருக்கின்றனவா என்பதைத் தேடலுக்கு முன்பே பாருங்கள், பின்னர் அல்ல.

தேடல் முடிந்து எண்கள் வருகின்றன. பெயர்ச்சித் தேடலின் இசட் மதிப்பு 8-ஐத் தாண்டினால் தீர்வு ஏறத்தாழ உறுதி, 5-க்குக் கீழே நம்பிக்கை இல்லை, நடுவில் ஐயம் என்பது ஃபேசரைப் பயன்படுத்துவோர் கைக்கொள்ளும் அளவுகோல். நல்ல எண் கிடைத்த பிறகும் வேறு சாட்சி ஏன் தேவை என்று கேட்கலாம். பெயர்ச்சி அடுக்கு உள்ள படிகத்தில் தவறான மாதிரியையும் அதே இடைவெளியில் இரண்டு முறை வைத்தால் மதிப்பெண் உயரும் என்பது ஒரு காரணம். தூரத்து வார்ப்புருவில் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது 6, 7 போன்ற நடு எண்களே என்பது மற்றொன்று. ஒதுக்கிவைத்த புள்ளிகளில் மாதிரியின் பொருத்தமின்மையை அளக்கும் ஆர்-ஃப்ரீயும் இங்கே உடனே உதவாது. தொடர்பே இல்லாத மாதிரிக்கு ஆர் மதிப்பு 59 விழுக்காடு என்று வில்சன் கணித்தது எல்லோருக்கும் தெரியும். சரியாக அமர்ந்த தூரத்து மாதிரிகூடத் தொடக்கத்தில் 50 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். தவறான மாதிரியும் சற்றுச் செப்பனிட்டபின் அங்கேதான் வந்து நிற்கும்.

அப்படியானால் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா? இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் 1961-இல் நேச்சர் இதழில் இதை ஒரு முரண்தோற்றமாக முன்வைத்தார்கள். ஒரு கட்டமைப்பின் வீச்சுகளையும் வேறொரு கட்டமைப்பின் கட்டங்களையும் சேர்த்து அடர்த்தி வரைபடம் போட்டால், தெரிவது பெரும்பாலும் கட்டங்களைத் தந்த கட்டமைப்பே. புரதப் படிகவியலில் ராமச்சந்திரன் பெயரைச் சொன்னாலே அவருடைய வரைபடம் நினைவுக்கு வருகிறது. மூலக்கூறு மாற்றீட்டைச் செய்யும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சிறு கட்டுரையும் அதே அளவு முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அதன் விளைவு நேரடியானது. நீங்கள் வைத்த ஆல்ஃபா சுருள் வரைபடத்தில் அழகாகத் தெரிகிறது என்றால், நீங்கள் அதை வைத்தீர்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்கவில்லை. ரேண்டி ரீடு 1986-இல் தந்த சிக்மா-ஏ எடைகள் இந்தச் சாய்வைக் குறைக்கின்றன, நீக்குவதில்லை.

ஆகவே கூட் நிரலைத் திறந்ததும் மாதிரி இருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள். இல்லாத இடத்துக்குப் போங்கள். நம் வரிசையில் டிரிப்டோஃபன் வர வேண்டிய இடத்தில் காமா அணுவோடு வெட்டி நிறுத்தியிருக்கிறோம். அங்கே, அந்த நறுக்கிய முனையைத் தாண்டி, தட்டையான அகன்ற அடர்த்தி ஒன்று உட்கருவுக்குள் நீள்கிறதா? வார்ப்புருவில் கிளைசின் இருந்து நம் புரதத்தில் ஃபீனைல் அலனின் ஆன இடத்தில் வளையம் போல் ஏதாவது எழுகிறதா? வெட்டிய லூப்பின் இரு முனைகளிலிருந்தும் சங்கிலி தொடர்ந்து நடக்கிறதா, இல்லை இரைச்சலில் கரைந்துபோகிறதா? வித்தியாச வரைபடத்தில் இப்படி நாலைந்து இடங்களில் வரிசை முன்னறிவித்தபடியே அடர்த்தி வந்தால், மதிப்பெண் நடுவில் நின்றாலும் தீர்வை நம்பலாம். அப்படி ஓர் இடத்திலும் வராமல் மாதிரி மட்டும் பளிச்சென்று தெரிந்தால், மதிப்பெண் 8-ஐத் தாண்டினாலும் சந்தேகியுங்கள். வெட்டாமல் விட்ட வார்ப்புருவில் இந்தக் கேள்விகளைக் கேட்கவே இடமில்லை. கேட்கும் முன்பே பதிலை நாமே நிரப்பிவிட்டிருப்போம். வைத்துக்கொண்ட பகுதிகளையும் பிறகு இதே போல் விசாரிக்கலாம். ஒரு சுருளை எடுத்துவிட்டு, வெப்பமூட்டித் தணிக்கும் கணிப்பு முறையில் மீதியைச் செப்பனிட்டு, எடுத்த சுருள் வரைபடத்தில் தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது பழைய, இன்றும் நம்பகமான சோதனை.

சில சமயம் வெட்டியும் போதாது, உட்கருவே நகர்ந்திருக்கும். அப்போது மாதிரியைத் திருத்தியாக வேண்டும். ஃபிராங்க் டிமாயோவும் உடன் பணியாற்றியவர்களும் 2011-இல் ரோசெட்டா நிரலைக் கொண்டு, பலவீனமான அடர்த்தியையும் ஆற்றல் கணக்கையும் சேர்த்து மாதிரியை மறுவார்ப்புச் செய்து, தேர்ந்த படிகவியலாளர்கள் கைவிட்ட 13 தரவுகளில் 8-ஐத் தீர்த்தார்கள். அதே ஆண்டில் வெளிவந்த மேசன்-ஃபைசர் குரங்கு வைரஸின் புரோட்டியேஸ் இன்னும் துலக்கமான சான்று. ரெட்ரோவைரஸ் புரோட்டியேஸ்கள் பொதுவாக இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்பவை. இரண்டின் முனைகளும் கோத்துக்கொண்டு நான்கு இழைத் தாளாகின்றன. இந்தப் படிகத்திலோ மூலக்கூறு தனியாக நின்றது. உறவு வார்ப்புருக்களும் என்எம்ஆர் மாதிரியும் ஆண்டுக்கணக்கில் தோற்றன. ஃபோல்டிட் என்ற இணைய விளையாட்டின் ஆட்டக்காரர்கள் மடிப்பைத் திருத்திய பிறகே தீர்வு கிடைத்தது. ஒட்டுமொத்த மடிப்பு சரியாக இருந்தும் ஒரு மாதிரி தோற்கலாம். அணுக்களும் சரியான இடத்துக்குப் போதிய அளவு நெருங்கி வர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

வரிசையிலிருந்தே புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு வந்தபின் இந்த இயலே தேவையா என்பது இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி. கேள்விக்குப் பலம் உண்டு. 2020-இல் நடந்த பதினான்காவது காஸ்ப் என்ற வடிவக் கணிப்புப் போட்டியில், ஆண்ட்ரே லூபாஸின் குழு பத்தாண்டுகளாகத் தீர்க்க முடியாமல் வைத்திருந்த ஆர்க்கியா புரதத்தின் படிகம் ஆல்ஃபாஃபோல்டு மாதிரியால் தீர்ந்தது. முதலில் அதை முயன்று பாருங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் கணித்த மாதிரியும் ஒரு வார்ப்புருதான். அதன் சில பகுதிகள் அரை ஆங்ஸ்ட்ராம் துல்லியமானவை, சில பகுதிகள் வெறும் நிரப்பல். எது எது என்பதை பிஎல்டிடிடி என்ற உறுதி மதிப்பு ஓரளவு சொல்கிறது: 70-க்குக் கீழே உள்ளதை வெட்டுவதும், மீதிக்கு அந்த மதிப்பையே பிழையாக மாற்றிப் பி-காரணியில் எழுதுவதும், கூறுகளுக்கிடையிலான பிழை அட்டவணையைப் பார்த்து மாதிரியைப் பிரிப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. வெட்டும் வேலை அப்படியே இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்குக் குறிப்பு கூடவே வருகிறது, அவ்வளவே. உறவு வரிசைகள் அதிகம் கிடைக்காத புரதங்களில் அந்தக் குறிப்பும் மங்கிவிடும். சாய்வின் ஆபத்தோ கூடியிருக்கிறது. பழைய வார்ப்புருவில் வரிசை வேறாக இருந்ததால் வேறுபாடு கண்ணில் படும். கணித்த மாதிரியில் நம் வரிசையே, எல்லாப் பக்கச் சங்கிலிகளோடும், முழுமையாக அமர்ந்திருக்கிறது. வரைபடம் அதைத் திருப்பிக் காட்டும்போது சந்தேகிக்க ஒன்றும் தோன்றாது. ஆகவே உறுதி மதிப்பு உயர்ந்த இடத்திலும் சில பெரிய பக்கச் சங்கிலிகளையும் ஒரு லூப்பையும் வேண்டுமென்றே எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் நீடித்தால் சோதனைக் கூடத்துக்குத் திரும்ப வேண்டும். மெத்தியோனினுக்குப் பதிலாகச் செலினோமெத்தியோனினைச் சேர்த்துப் புரதத்தைத் தயாரித்து, செலினியத்தின் விளிம்பான 0.98 ஆங்ஸ்ட்ராம் அருகே தரவு எடுங்கள். மூலக்கூறு மாற்றீட்டில் கிடைத்த பலவீனமான கட்டங்கள் அப்போதும் வீணாவதில்லை. அந்தக் கட்டங்களோடு பிறழ் வித்தியாச வரைபடம் ஒன்றைப் போடுங்கள். செலினியம் எதுவும் மாதிரியில் இல்லை. ஆகவே அந்த வரைபடத்தில் எழும் உச்சங்களை மாதிரி உண்டாக்கியிருக்க முடியாது. உச்சங்கள் நம் வரிசையின் மெத்தியோனின் இடங்களில் விழுந்தால் இருப்பிடமும் வரிசைப் பொருத்தமும் ஒருசேர உறுதியாகின்றன. ஒரு சுருளில் மட்டும் உச்சங்கள் எல்லாம் சீராக ஒரு திருப்பம் தள்ளி விழுந்தால் அங்கே பொருத்தம் நழுவியிருக்கிறது; அதைத் திருத்திவிட்டுக் கட்டத் தொடங்கலாம். எங்கும் உச்சமே இல்லை, ஆனால் தரவில் பிறழ் சமிக்ஞை இருக்கிறது என்றால், அந்தத் தீர்வை விட்டுவிட்டுச் செலினியம் அணுக்களையே முதலில் தேடுங்கள்.